பெல்லா மூடிவைத்த நாவலும் பூங்குடி வீடும்

ஸ்டெஃபனி மேயரின் ‘ட்வைலைட்’ நாவலை வேகமாக வாசிப்பவர்கள் கவனிக்காமல் தாண்டிவிடக்கூடிய ஓர் இடம் உண்டு. தன் மனம் போய் ஒட்டிக்கொண்ட எட்வர்ட் ஓர் இரத்தக் காட்டேரியாக இருக்கலாம் என்ற எண்ணம் நாயகி பெல்லாவுக்கு வந்துவிட்டது. அதை மறக்க, வீட்டுப் புல்தரையில் போர்வையை விரித்துப் படுத்துக்கொண்டு ஜேன் ஆஸ்டின் நாவல்களின் பழைய தொகுப்பைத் திறக்கிறாள். ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யில் மூன்றாம் அத்தியாயத்துக்கு வரும்போதுதான் அதன் நாயகன் பெயரும் எட்வர்ட் என்பது நினைவுக்கு வருகிறது. எரிச்சலோடு ‘மேன்ஸ்ஃபீல்ட் பார்க்’குக்குத் தாவுகிறாள். அங்கே நாயகன் எட்மண்ட். புத்தகத்தை மூடிவிடுகிறாள்.

இது தற்செயலாக அமைந்த இடமன்று. தன் காட்டேரிக்கு எட்வர்ட் என்று பெயர் வைத்ததற்கு சார்லட் பிராண்டியின் எட்வர்ட் ராச்செஸ்டரும் ஆஸ்டினின் எட்வர்ட் ஃபெரார்ஸும்தான் காரணம் என்று மேயர் சொல்லியிருக்கிறார். அந்த ஃபெரார்ஸ் 2000ஆம் ஆண்டில் தமிழ்த் திரைக்கு வந்தார். பெயர் மனோகர், நடித்தவர் அஜித். படப்பிடிப்புக்கு வீடு தேடிக்கொண்டு அவர் வந்து நின்ற இடம், காரைக்குடிப் பக்கத்துப் பூங்குடி என்று கதை சொல்லும் ஊரின் செட்டிநாட்டு மாளிகை. ராஜீவ் மேனன் இயக்கிய ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’, 1811இல் வெளிவந்த ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யின் தமிழ் வடிவம்.

‘ட்வைலைட்’ ரசிகர்கள் அதன் படத்தை மட்டும் பார்த்து நிறுத்திவிடாமல், பெல்லா மூடிவைத்த அந்த நாவலையும் அதிலிருந்து நம் ஊரில் பிறந்த படத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு நாவல் எப்படிப் படமாகிறது என்பதை இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் சரியாகப் புரிகிறது.

முதலில் காட்டேரிப் படம். நாவல் 2005 அக்டோபரில் வந்தது. கேத்தரின் ஹார்ட்விக் இயக்கிய படம் 2008 நவம்பரில். சுமார் 3 கோடியே 70 லட்சம் டாலரில் எடுத்த படம் உலகம் முழுவதும் 40 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. எட்வர்டாக ராபர்ட் பாட்டின்சன் தேர்வானபோது ரசிகர்கள் கையெழுத்து இயக்கம் நடத்தி எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. வரிவரியாக வாசித்து மனத்தில் ஒரு முகத்தை வளர்த்து வைத்திருப்பவருக்கு, இன்னொருவர் தேர்ந்தெடுத்த முகம் முதலில் அந்நியமாகத்தான் தெரியும். படம் பார்க்க உட்காரும் வாசகர் கையில் எப்போதும் ஒரு பட்டியல் இருக்கும். உயிரியல் வகுப்பு வந்ததா, பள்ளி வாகன நிறுத்தத்தில் வேன் வந்து மோதும் காட்சி வந்ததா, புல்வெளி வந்ததா, பேஸ்பால் வந்ததா? ஹார்ட்விக் படத்தில் அத்தனையும் வந்தன.

ஆனால் ஒரு காட்சி இடம் மாறியது. நாவலில், போர்ட் ஏஞ்சலஸிலிருந்து ஊர் திரும்பும் இரவில், காருக்குள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தபடி, தோழன் ஜேக்கப் சொன்ன காட்டேரிப் பழங்கதையைப் பெல்லா தயங்கித் தயங்கிச் சொல்கிறாள். நீ யாராக இருந்தாலும் எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை என்ற இடத்துக்கு வந்து சேர்கிறாள். அது பயத்தை விடவும் நெருக்கத்தின் காட்சி. படத்தில் இது பகல் வெளிச்சத்தில் காட்டுக்குள் நடக்கிறது. அவள் முதுகுப் பக்கம் அவன் நிற்கிறான், அவள் திரும்பாமலே காட்டேரி என்ற சொல்லைச் சொல்கிறாள், கேமரா சுற்றி வருகிறது. திரைக்கு எது எடுப்பாக இருக்கும் என்று இயக்குநர் கணக்குப் போட்டது புரிகிறது. கார் இருட்டில் இரண்டு முகங்களை வைத்துக்கொண்டு அத்தனை நேரம் ஓட்டுவது கடினம். ஆனாலும் அந்த நாவலின் உயிர், பெல்லாவின் மனத்துக்குள் ஓடும் பேச்சில் இருக்கிறது. பட்டியலில் இருந்த காட்சிகளெல்லாம் வந்தும் அந்தப் பேச்சு, அங்கங்கே ஒலிக்கும் சில பின்னணி வரிகளாகச் சுருங்கிவிட்டது. நாவலில் கடைசிப் பகுதியில் மட்டும் தலைகாட்டும் நாடோடிக் காட்டேரிகளைப் படம் முன்கூட்டியே கொலைகளோடு கொண்டுவருவதும் இதனால்தான். மனப் பேச்சு போன இடத்தை நிரப்பத் திகில் தேவைப்பட்டது.

ராஜீவ் மேனன் எதிர்த்திசையில் போனார். ஆஸ்டினின் ஒரு பெயரைக்கூட அவர் வைத்துக்கொள்ளவில்லை. அக்காள் எலினார் சௌமியா ஆனாள், தபு நடித்தார். தங்கை மரியான் மீனாட்சி ஆனாள், ஐஸ்வர்யா ராய். மரியானை மணக்கும் கர்னல் பிராண்டன் மேஜர் பாலா, மம்மூட்டி. அவளைக் கைவிடும் வில்லபி ஸ்ரீகாந்த், அப்பாஸ். தாயாக ஸ்ரீவித்யா, கடைக்குட்டியாக ஷாமிலி. சுஜாதா வசனம் எழுதினார், ரஹ்மான் இசை. இருநூறு ஆண்டுக்கு முந்தைய சசெக்ஸ் மாகாணம் காரைக்குடிக்கு வந்தது. பட்டியலோடு வருகிற ஆஸ்டின் ரசிகர் முதலில் திகைத்துத்தான் போவார். ஆனால் ஆஸ்டினின் கதை எதனால் நகர்கிறதோ அதை மேனன் கையில் பிடித்துவிட்டார். அது காதல் அல்ல, ஓர் உயில்.

நாவலின் தொடக்கம் இப்படி: பிள்ளையில்லாத ஒரு முதியவர். அவரைப் பத்து வருடம் உடனிருந்து பார்த்துக்கொண்ட குடும்பத்தில் மூன்று பெண் பிள்ளைகள். ஆனால் எப்போதாவது வந்துபோன நான்கு வயதுச் சிறுவன் ஒருவனின் மழலையில் மயங்கி, சொத்து முழுவதும் அவனுக்குப் போகும்படி முதியவர் எழுதிவைத்துவிடுகிறார். பெண்கள் பார்த்துக்கொண்டதற்கு மதிப்பில்லாமல் இல்லை, ஆளுக்கு ஆயிரம் பவுண்டு உண்டு. நார்லாண்ட் வீடும் நிலமும் மட்டும் ஆண் வாரிசுக்கு. செட்டிநாட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த இடத்தை விளக்கவே வேண்டாம். ஆண் பிள்ளை இல்லாத வீட்டில் பிள்ளை கூட்டிக்கொள்ளும் வழக்கம் நகரத்தார் சமூகத்தில் இன்றும் இருக்கிறது. குடும்பங்களைக் கோவிலில் பதியும் புள்ளிக் கணக்கு ஆண் வழியாகவே போகிறது. பெண்ணுக்குச் சீர் உண்டு, வெள்ளியும் பித்தளையும் எவர்சில்வரும் பட்டியல் போட்டு அடுக்கப்படும். வீட்டில் பங்கு என்பது வேறு.

‘கண்டுகொண்டேன்’ குடும்பத்தை நகரத்தார் குடும்பமாகவே கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அந்த வீட்டைத் தேர்ந்ததால் இந்த வழக்கங்களின் நிழல் படத்தின்மேல் தானாக விழுகிறது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரைக்கும் நீளும் வீடு. வளவின் இரு பக்கமும் அறைகள், கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று என்ற கணக்கில் கட்டியவை. பர்மா, இலங்கை, மலேயாவில் லேவாதேவி செய்து ஈட்டிய பணத்தில், பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1930கள் வரையில் எழுந்தவை இந்த வீடுகள். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது அந்தப் பணத்தின் ஊற்று அடைபட்டது. பின்னர் பங்காளிகள் பெருகப் பெருக ஒரே வீட்டுக்குப் பல உடைமையாளர்கள். கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் திறந்து, மற்ற நாளில் பூட்டிக்கிடக்கும் வீடுகள் எத்தனையோ. பங்காளிகள் ஒத்துப்போகாமல் இடித்துத் தேக்குத் தூணும் நிலையும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போன வீடுகளும் உண்டு. 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. அந்தப் பட்டியல் ஒரு வீட்டையும் தானாகக் காப்பாற்றிவிடாது.

படத்தில் தாத்தா படுக்கையில் கிடக்கிறார். ஏதோ சொல்ல வாயெடுக்கிறார், யாருக்கும் விளங்கவில்லை. அவர் இறந்த பின் பெட்டி உடைக்கப்படுகிறது. உள்ளே உயில். மூத்த மகள் தனக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்ட கோபத்தில், சொத்து அத்தனையும் இளைய மகன் சுவாமிநாதனுக்கு என்று எப்போதோ எழுதியது. கடைசிக் காலத்தில் அவரைத் தூக்கி உட்காரவைத்துப் பார்த்தவர்கள் அந்த மகளும் பேத்திகளும்.

திரைக்கதையின் திறமை தெரியும் இடம் இது. பார்க்கிறவர்களுக்கு ஒரு நியாயமான கேள்வி எழும்: 2000ஆம் ஆண்டில் மகளுக்குச் சொத்துரிமை இல்லையா? இருந்தது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால் மகளும் மகனைப் போல முதல் வகுப்பு வாரிசுதான். 1989இல் தமிழ்நாடு இன்னொரு படி ஏறி, மூதாதையர் சொத்திலும் மகளுக்குப் பிறப்புரிமை தந்தது. ஆனால் அந்தத் திருத்தம் வருமுன்பே கல்யாணமான பெண்களுக்கு அது பொருந்தாது. கல்யாண வயதில் இரண்டு மகள்களை வைத்திருக்கும் அந்தத் தாய் 1989க்கு வெகு காலத்துக்கு முன்பே கல்யாணமானவள். போதாக்குறைக்கு, குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் தாமாகப் பிரித்துக்கொள்ளும்வரை பெண் வாரிசு பிரிவினை கேட்கக்கூடாது என்ற, அதே 1956 சட்டத்தின் 23ஆம் பிரிவு அப்போது நடைமுறையில் இருந்தது. 2005இல்தான் அது நீக்கப்பட்டது. அந்த ஆண்டின் திருத்தம் கல்யாணமான மகள்களையும் சேர்த்தே சமமாக்கியது. தகப்பன் அப்போது உயிரோடு இருந்தாரா இல்லையா என்பது முக்கியமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தெளிவாக்கியது. இத்தனைக்குப் பிறகும், தானாகச் சம்பாதித்த சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதும் உரிமை அப்படியே இருக்கிறது. ஆகவே தமிழ்நாட்டில் ஒரு மகளைச் சட்டப்படி முழுதாக வெளியேற்ற ஓர் உயில் வேண்டும். பூட்டிய பெட்டி சினிமாத்தனம் போலத் தோன்றினாலும், ஆஸ்டினின் முதல் அத்தியாயம் நம் ஊருக்கு வரக்கூடிய சரியான வாசல் அதுதான்.

அடுத்தது நாவலின் இரண்டாம் அத்தியாயம். ஆங்கில நாவலில் இத்தனை சின்ன இடத்தில் இத்தனை கொடுமையை வைத்த அத்தியாயங்கள் அதிகமில்லை. அந்தச் சிறுவனின் தகப்பன் ஜான் டாஷ்வுட், சாகும் தன் தகப்பனிடம் தங்கைகளைப் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறான். மூவாயிரம் பவுண்டு தரலாம் என்று நினைக்கிறான். மனைவி ஃபேனி பேசத் தொடங்குகிறாள். மூவாயிரம் பாதியாகிறது. பிறகு வருடத்துக்கு நூறு பவுண்டு. பிறகு எப்போதாவது ஐம்பது. கடைசியில் காசே வேண்டாம், வீடு மாற ஒத்தாசை செய்து, பருவத்தில் மீனும் வேட்டைக்கறியும் கொடுத்தனுப்பினால் போதும் என்றாகிறது. ஒரு குரல்கூட உயரவில்லை. முடிக்கும்போது ஃபேனி இன்னொன்றையும் விடவில்லை: மாமியார் எடுத்துப்போகும் காலைச் சிற்றுண்டிப் பீங்கான், இந்த வீட்டில் இருப்பதைவிட இரண்டு மடங்கு அழகானதாம். பங்கு பிரித்த வீடுகளில் ஒரு வெண்கலப் பானைக்கும் ஒரு பெல்ஜியம் கண்ணாடிக்கும் நடந்த பேச்சுகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஃபேனியை அடையாளம் தெரியும். படத்தில் சுவாமிநாதனும் அவர் மனைவி லலிதாவும் வந்திறங்கிய பின் வீட்டின் காற்று மாறுவது இந்த அத்தியாயத்தின் பேரன்தான். பெண்கள் கோர்ட்டுக்குப் போகாமல் சென்னைக்குக் கிளம்புகிறார்கள்.

சென்னையில் ஆஸ்டினைத் தாண்டிப் படம் ஒன்று செய்கிறது. டாஷ்வுட் பெண்கள் நால்வருக்கும் வருடத்துக்கு ஐந்நூறு பவுண்டு இருந்தது. வேலைக்குப் போக வழி இல்லை. சௌமியா மென்பொருள் நிறுவனம் ஒன்றில் தொலைபேசி இயக்குநராகச் சேர்ந்து புரோகிராமர் ஆகிறாள். அந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டின் எத்தனையோ நடுத்தரக் குடும்பங்களை நிமிர்த்திய வேலை அது. ஆஸ்டினின் எலினாருக்கு வாய்க்காத கதவு. நாவலின் மேல் உண்மையான அன்புள்ளவர் இதை மீறல் என்று சொல்லமாட்டார் என்பது என் எண்ணம். தகப்பன் 1805இல் இறந்த பின், தாயோடும் அக்காள் கசாண்ட்ராவோடும் வாடகை வீடும் உறவினர் வீடுமாக அலைந்து, 1809இல் அண்ணன் கொடுத்த சாட்டன் வீட்டில்தான் ஆஸ்டின் நிலையாக உட்கார்ந்து எழுத முடிந்தது. அந்த அண்ணன் பெயரும் எட்வர்ட். ‘ஒரு சீமாட்டி எழுதியது’ என்று பெயர் மறைத்து, செலவைத் தானே ஏற்று வெளியிட்ட நாவலில் அவருக்குக் கிடைத்த இலாபம் 140 பவுண்டு. தன் உழைப்பில் வரும் காசின் அருமை தெரிந்தவர் அவர்.

வில்லபியை மாற்றிய விதம் அதைவிடவும் கூர்மையானது. நாவலில் கடனாளியான வில்லபி ஐம்பதாயிரம் பவுண்டு சொத்துள்ள பெண்ணை மணக்க மரியானைக் கைவிடுகிறான். ஸ்ரீகாந்த் நடத்துவது நிதி நிறுவனம். அது சரிகிறது, பணம் போட்டவர்கள் வாசலில் நிற்கிறார்கள், கைதூக்கிவிட ஓர் அமைச்சர் வருகிறார், விலை அமைச்சர் மகளோடு கல்யாணம். 1990களில் தமிழ்நாட்டில் அதிக வட்டி ஆசைகாட்டிய நிதி நிறுவனங்கள் வரிசையாகச் சரிந்தன. முதலீட்டாளர் நலன் காக்க அரசு 1997இல் தனிச் சட்டமே கொண்டுவர நேர்ந்தது. 2000இல் திரையரங்கில் உட்கார்ந்திருந்தவர்களில் அந்தச் சரிவில் சேமிப்பை இழந்தவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு ஸ்ரீகாந்தின் துரோகம் காதல் கதையோடு நிற்கவில்லை.

மரியானுக்குக் கவிதைப் பித்து. கூப்பரும் ஸ்காட்டும் பிடிக்காத ஆணை அவளால் நினைத்துப் பார்க்க முடியாது. மீனாட்சிக்கு அந்த இடத்தில் பாரதி. ஸ்ரீகாந்த் பாரதியைச் சொல்லித்தான் அவள் மனத்துக்குள் நுழைகிறான். கண்ணம்மா பாட்டு ஒன்று ரஹ்மான் இசையில் படத்தில் ஒலிக்கிறது. இதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தச் சுதந்திரத்தின் கதையிலும் காரைக்குடிக்குப் பங்குண்டு. காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பன், போர்க்காலத்துக்குப் பின் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ போட்டுப் படமெடுத்தார். பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையை விலைகொடுத்து வாங்கி வைத்திருந்த அவர், 1947 பொங்கலுக்கு வந்த ‘நாம் இருவர்’ படத்தில் அவற்றை ஊரெங்கும் ஒலிக்கச் செய்தார். பாரதி எழுத்து மக்களுக்கே உரியதாக வேண்டும் என்ற கோரிக்கை வலுத்து, 1949இல் அரசு உரிமையை ஏற்றபோது மெய்யப்பன் தன்னிடமிருந்ததைக் காசு வாங்காமல் கொடுத்தார்.  

படத்தில் எனக்கு ஒப்பாத இடங்களும் உண்டு. நாவலில் எட்வர்ட் ஃபெரார்ஸ் இளம் வயதில் லூசி ஸ்டீலுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு அதிலிருந்து மீளமுடியாமல் தவிக்கிறான். அந்த இரகசியத்தை லூசியே எலினாரிடம் சொல்லி, அவள் வாயையும் கட்டிப்போடுகிறாள். மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் எலினார் அதைச் சுமப்பதுதான் நாவலின் உச்சம். படம் லூசியை விட்டுவிட்டது. மனோகரின் பட நாயகியைப் பற்றிய வதந்தி அந்த இடத்துக்கு வருகிறது. வதந்தி ஒரு விளக்கத்தில் கரைந்துவிடும், வாக்கு கரையாது. அதனால் மனோகர் மெலிந்துபோகிறான். சௌமியாவின் பொறுமை எதன்மேல் நிற்கிறது என்பதும் மங்குகிறது. கடைசியில் அவன் வந்து நிற்கும்போது தபு உடைந்து அழும் காட்சி மட்டும் அந்தக் குறையைப் பாதி தீர்க்கிறது. எகிப்துப் பிரமிடுகளின் முன்னால் படமான பாட்டுக்காக ஷங்கர் மகாதேவன் தேசிய விருது பெற்றார். பாட்டு அருமை. ஆனால் பூங்குடியை இழந்தவர்களின் கதையில் அந்தப் பாலைவனத்துக்கு வேலை இல்லை.

மேஜர் பாலா விஷயத்தில் படம் நாவலைவிட ஒரு படி மேல் என்றே சொல்வேன். பதினேழு வயது மரியான், முப்பத்தைந்து வயது பிராண்டனின் ஃப்ளானல் மேலாடையைச் சொல்லிச் சிரிக்கிறாள். பிறகு அவரை மணக்கிறாள். மதிப்பினால் மணந்தாள், அன்பு பின்னால் வந்தது என்று ஆஸ்டின் சில வரிகளில் முடித்துவிடுகிறார். பல தலைமுறை வாசகர்களுக்கு அந்த அவசரம் உறுத்தியிருக்கிறது. படத்தில் பாலா போரில் காலை இழந்தவர், குடிக்கு அடிமையானவர். மீனாட்சி குடியை விடச் சொல்கிறாள், அவர் அவளைச் சங்கீதம் கற்கச் சொல்கிறார். இந்தப் பரிமாற்றம் முதலிலேயே விதைபோட்டுவிடுவதால், சென்னை மழையில் திறந்துகிடந்த சாக்கடைக் குழிக்குள் அவள் விழுந்து, அவர் வந்து மீட்கும்போது மனம் ஏற்றுக்கொள்கிறது. நாவலில் ஈரப் புல்லில் நடந்து வரும் காய்ச்சல், சென்னையில் மூடியில்லாத குழியாகியிருக்கிறது. இந்த நகரத்தில் மழைநாளில் நடந்தவர்களுக்கு அது கற்பனை அல்ல.

இனி மறுபடி காட்டேரிக்கு. ஆஸ்டினின் எட்வர்டை, லூசிக்குக் கொடுத்த வாக்கோடு சேர்ந்து தடுப்பது காசு: தாய் சொத்திலிருந்து விலக்கிவிடுவாள் என்ற பயம். மேயரின் எட்வர்டுக்குக் காசு ஒரு பொருட்டே அல்ல. அவன் தங்கை ஆலிஸ் எதிர்காலத்தைப் பார்ப்பவள், பங்குச் சந்தை அவள் உள்ளங்கையில். காசு தடையாக இருந்த இடத்தில் இரத்த தாகத்தைக் கொண்டுவந்து வைத்தார் மேயர். அதனால்தான் ‘ட்வைலைட்’ எந்த ஊர்ப் பெண்ணையும் உடனே இழுத்துக்கொள்கிறது; உயிலும் பங்கும் சீரும் இல்லாத, வீட்டு வாடகை கேட்காத காதல் அது. அந்த மயக்கத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன், வாசித்து அனுபவித்தவள்தான். ஆனால் படமாகும்போது அது உலகத்தில் எங்கும் ஒரே மாதிரிதான் ஆகமுடியும். முகமும் காடும் மாறலாம். ஆஸ்டினின் கதை அப்படியல்ல. எந்த மண்ணுக்குப் போனாலும் அங்கே வீடு யார் பெயரில் இருக்கிறது என்று கேட்கும். அதனால் ஆங் லீ 1995இல் எடுத்த ஆங்கிலப் படமும், அதற்குத் திரைக்கதை எழுதி எம்மா தாம்சன் பெற்ற ஆஸ்கரும் இருந்தும், காரைக்குடிக்கு அந்தக் கதையில் சொல்லப் புதிதாக ஒன்று மிஞ்சியிருந்தது.

‘ட்வைலைட்’டை உருகி உருகி வாசித்த தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். பெல்லா எரிச்சலில் மூடிய அந்த நாவலை நீங்கள் திறந்து பாருங்கள். காப்புரிமை முடிந்த நூல், இலவசமாகவே கிடைக்கிறது. முதல் இரண்டு அத்தியாயங்களை மட்டுமாவது வாசித்துவிட்டு, ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ படத்தில் அந்தப் பெட்டி உடைபடும் காட்சியைப் பாருங்கள். பிறகு உங்கள் வீட்டுப் பத்திரம் யார் யார் பெயரில் இருக்கிறது என்று அம்மாவிடம் கேளுங்கள்.